இறுக்கம்

பெயிண்ட் அடித்து ஓர் ஏர்பிரஷ்ஷைக்கூட நான் கெடுத்ததில்லை. என்னிடம் செத்த மூன்றும் சுத்தம் செய்யும்போது செத்தவை.

இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பத்து வருடம் பிடித்தது. முதலாவது உடைந்தபோது அதைச் செய்தவனைத் திட்டினேன். இரண்டாவதற்குத் தின்னரைத் திட்டினேன். மூன்றாவது கெட்ட இரவில் திட்டுவதற்கு ஆள் மிச்சமில்லை. மேசை விளக்கின் கீழே என் இரண்டு கைகள்தான் இருந்தன.

நான் செய்வது பிளாஸ்டிக் மாடல். 1:72 அளவில் விமானம், 1:35 அளவில் டாங்கி. பெட்டியில் வரும் உறுப்புகளைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்து, தேய்த்து, ஒட்டி, நிறம் கொடுக்க வேண்டும். ஐம்பதை நெருங்கும் ஆள் பொம்மை செய்கிறானே என்று சொந்தக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதுமில்லை, ‘அவன் அப்படித்தான்’ என்ற பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதுவும் ஒரு விடுதலைதான்.

இந்த வேலையில் பிரஷ் ஏன் போதாது என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு சொல்வேன். ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறக்கை 1:72 அளவில் நுனிக்கு நுனி 15.6 செ.மீ.; ஒரு சாணுக்குக் குறைவு. அதன்மேல் 0.3 மி.மீ. தூசி ஒன்று விழுந்து பெயிண்ட்டோடு காய்ந்துவிட்டால், நிஜ விமானத்தின் இறக்கையில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டவைத்ததற்குச் சமம். பிரஷ் இழுத்த தடம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மேடாக நின்றுவிட்டால், நிஜத்தில் அது 7 மி.மீ. வரப்பு. எந்த விமானப்படையும் தன் விமானத்தில் வரப்பு கட்டாது. பொருளைச் சிறிதாக்குகிறோமே தவிர, தூசியும் பெயிண்ட்டும் நம் விரலும் சிறிதாவதில்லை. அதனால்தான் பெயிண்ட்டைப் புகையளவுக்குப் பொடித்து அனுப்ப ஒரு கருவி தேவைப்படுகிறது.

ஏர்பிரஷ் என்னும் அந்தக் கருவி பேனா அளவுதான் இருக்கும். மேலே சந்தனக் கிண்ணம்போல ஒரு கப். முன்பக்கம் நாசில், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது, அதன் வாய் 0.3 மி.மீ. அந்த வாய்க்குள் நுனி புதைத்து உட்கார்ந்திருக்கிறது ஒரு நீண்ட ஊசி. ஆள்காட்டி விரலால் டிரிகரைக் கீழே அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் ஊசி பின்வாங்கும், வாய் திறக்கும், பெயிண்ட் வரும். நாசிலைச் சுற்றி விரைந்து வெளியேறும் காற்று அதன் நுனியில் அழுத்தத்தைக் குறைக்கிறது. அந்தக் குறைவுதான் பெயிண்ட்டை வெளியே உறிஞ்சுகிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் திகைப்பாக இருந்தது. அதுவரை கம்ப்ரஸர் பெயிண்ட்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறது என்றே நினைத்திருந்தேன். இந்தக் கருவிக்குள் யாரும் எதையும் தள்ளுவதில்லை. முன்னால் ஓர் இடம் காலியாகிறது, அவ்வளவுதான்.

கார் பட்டறை ஸ்ப்ரே கன்னின் பேரப்பிள்ளை போலத் தெரிந்தாலும், வயதில் இதுதான் மூத்தது. அமெரிக்கரான ஃபிரான்சிஸ் எட்கர் ஸ்டான்லி 1876இல் காற்றால் நிறம் தெளிக்கும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பின்னாளில் தன் இரட்டைச் சகோதரருடன் சேர்ந்து நீராவிக் கார் செய்தாரே, அதே ஸ்டான்லி. அடுத்த சில ஆண்டுகளில் அயோவாவில் ஆப்னர் பீலர் கையால் காற்றடிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். அதை மேம்படுத்தி ‘ஏர் பிரஷ்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தவர் லிபர்ட்டி வாக்கப். இன்று நாங்கள் பிடிக்கும் வடிவத்துக்கு நெருங்கியது சார்லஸ் பர்டிக் செய்தது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது. இந்தக் கருவிக்குப் பெரும்பாலும் வேலை கொடுத்தவை புகைப்படங்கள். மங்கிய முகத்தைத் தெளிவாக்குவது, கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் ஏற்றுவது, வேண்டாததை மறைப்பது. மாஸ்கோ கால்வாய் ஓரம் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நின்ற சோவியத் அதிகாரி நிக்கோலாய் யெஷோவ் 1940இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அந்தப் படத்திலிருந்தும் காணாமல்போனார். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் இருக்கிறது. இந்த மாதிரி கைவேலைகளால் ஆங்கிலத்தில் கருவியின் பெயரே ‘மறைத்துவிடு’ என்று பொருள்படும் வினைச்சொல்லாகிவிட்டது.

ஏன் இந்தக் கருவிக்கு அப்படி ஒரு பெயர் வந்தது என்பது கையில் பிடித்தவனுக்குத் தெரியும். இது பொருளைத் தொடுவதில்லை. பென்சிலோ பிரஷ்ஷோ தாளில் உரசும்போது விரலுக்குச் செய்தி வந்துகொண்டே இருக்கும். எழுத்தாணி பிடித்தவனுக்கும் ஓலை பதில் சொல்லியிருக்கும். ஏர்பிரஷ்ஷில் விரலுக்கு எந்தப் பதிலும் வராது. மாடலுக்கும் நுனிக்கும் நடுவே நான்கு விரற்கடைக் காற்றுதான் இருக்கிறது. செய்தி கண்ணுக்கும் காதுக்கும்தான் வரும்: விழுந்த நிறம் ஒரு நொடி ஈரமாக மின்னி உடனே மங்குகிறதா, சீறல் ஒரே சுருதியில் போகிறதா. மின்னாமல் பொடியாக விழுந்தால் தூரம் அதிகம், அல்லது பெயிண்ட் வழியிலேயே காய்கிறது. மின்னல் நின்று குளமாகித் தேங்கினால் மிக அருகே போய்விட்டேன். குளத்திலிருந்து எட்டுக்கால் பூச்சியின் கால்கள்போல நிறம் நாலாபக்கமும் ஓடினால் பெயிண்ட்டில் தண்ணீர்த்தன்மை கூடிவிட்டது, அல்லது காற்று கூடிவிட்டது. இதையெல்லாம் சொல்லித்தரலாம். ஆனால் கை தெரிந்துகொள்வதற்கு ஒரு கட்டு பழைய செய்தித்தாள் வேண்டும்.

டிரிகரில் ஓர் ஒழுங்கு உண்டு. அதை எனக்குச் சொன்னது மாடல் செய்யும் யாரும் இல்லை. என் பழைய காரைப் பட்டறையில் விட்டபோது அங்கே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர். நான் கையை ஆட்டி ஏதோ கேட்டதும், முகத்துணியை இறக்கிவிட்டு, “மொதல்ல காத்து, அப்புறந்தான் பெயிண்ட்டு. நிறுத்தும்போது மொதல்ல பெயிண்ட்டு, அப்புறந்தான் காத்து. இதை மாத்துனீங்கன்னா துப்பிப்போடுங் கண்ணு” என்றார். அவருடைய கன் முழங்கை நீளம், என்னுடையது விரல் நீளம், விதி ஒன்றுதான். பெயிண்ட்டை மூடாமல் காற்றை விட்டுவிட்டால் ஊசி நுனியில் ஒரு சொட்டு தங்கிவிடும். அடுத்த முறை அழுத்தும்போது அந்தச் சொட்டுதான் முதலில் பாயும், மூன்று வாரம் உழைத்த இறக்கையின் நட்டநடுவில். காற்று முன்னால் வந்து பாதையைத் துடைக்க வேண்டும். எல்லாம் போன பிறகு கடைசியாகப் போக வேண்டும். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர்கள்போல.

அடுத்தது பெயிண்ட்டைக் கரைப்பது. எல்லாச் சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது, யாரும் இங்கே தேடுவதில்லை. கோடு மெலிதாக வரவில்லையா, 0.2 மி.மீ. நாசில் வாங்கு, புள்ளி புள்ளியாகத் தெறிக்கிறதா, விலை கூடிய கம்ப்ரஸர் வாங்கு என்று மனம் கடைக்குப் போகிறது. கப்பிலிருக்கும் திரவத்தை யாரும் பார்ப்பதில்லை. பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் மாடல் செய்பவர்கள் சொல்லும் வாய்பாடு. எருமைப் பாலா, நீல பாக்கெட் பாலா, டீக்கடைப் பாலா என்று யாரும் சொல்வதில்லை. நான் கண்டுகொண்ட அடையாளம் வேறு: கப்பின் சுவரில் ஒரு சொட்டு ஏற்றிவிட்டால் அது இறங்கிய பிறகு கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய படலம் மிஞ்ச வேண்டும். படலமே இல்லாமல் வழிந்தால் நீர்மோர். இறங்க மனமில்லாமல் நின்றால் இட்லி மாவு.

இந்தத் தொல்லை எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1943 பிப்ரவரியில் ஜெர்மன் ராணுவம் தன் டாங்கிகளின் அடி நிறத்தைச் சாம்பலிலிருந்து மங்கிய மஞ்சளுக்கு மாற்றியது. அதன்மேல் அடிக்கப் பச்சையையும் செம்பழுப்பையும் தொழிற்சாலை பூசித் தரவில்லை. டப்பாவில் பசையாகக் கொடுத்து, களத்தில் நீங்களே கரைத்து அடித்துக்கொள்ளுங்கள் என்று படைவீரர்களிடம் விட்டுவிட்டது. பெட்ரோல் இருந்தால் பெட்ரோலில் கரைத்தார்கள், இல்லாவிட்டால் தண்ணீரில். ஸ்ப்ரே கன் கிடைத்தவர்கள் அதைக் கொண்டு அடித்தார்கள், கிடைக்காதவர்கள் பிரஷ்ஷால், துடைப்பத்தால்கூட. ஒரே டப்பாவின் ஒரே பச்சை, கரைத்தவன் கையைப் பொறுத்து ஒரு டாங்கியில் அடர்ந்தும் இன்னொன்றில் வெளிறியும் போனது. இன்று 1:35 அளவில் ஒரு பேந்தர் டாங்கியைச் செய்துவிட்டு ‘சரியான பச்சை எது’ என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால், அந்தத் துடைப்பக்காரனை நினைத்துக்கொள்வேன். இந்த 1:35 என்ற அளவே ஒரு சமாளிப்பில் பிறந்ததுதான். ஜப்பானின் தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பேந்தர் மாடலை வடிவமைத்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டியிருந்தது. அடங்குகிற அளவுக்குச் செய்துவிட்டுப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 35இல் ஒரு பங்கு. இன்று அது உலக அளவுகோல்.

பேந்தருக்குப் பச்சை அடிக்கும்போதுதான் என் முதல் ஏர்பிரஷ் செத்தது. சரியாகச் சொன்னால், அடித்து முடித்த பிறகு.

டிரிகரை அழுத்தும்போதெல்லாம் கப்பில் பெயிண்ட் கொதிப்பதுபோலக் குமிழி வந்துகொண்டிருந்தது. முன்னால் போக வேண்டிய காற்று நாசில் உட்காரும் இடத்தில் கசிந்து, பின்னால் திரும்பிக் கப்புக்கு வருகிறது என்று அர்த்தம். கசிவு என்றால் என்ன செய்வோம்? குழாய் சொட்டினால் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். கருவியோடு வந்த சிறிய ஸ்பேனரை எடுத்து நாசிலைக் கொஞ்சம் இறுக்கினேன். குமிழி குறைந்ததுபோலத் தோன்றியது. இன்னும் கொஞ்சம். அன்றைக்குச் சுத்தம் செய்து பூட்டும்போது, நாளைக்கும் வரக்கூடாதே என்று இன்னும் ஒரு கால் சுற்று.

சத்தமே வரவில்லை. அதுவரை எதிர்த்துக்கொண்டிருந்த ஸ்பேனர் சட்டென்று லேசாகிவிட்டது. யாரோ கையைப் பிடித்துக்கொண்டே வந்து, பாதி வழியில் விட்டுவிட்டதுபோல. நாசிலின் தலை ஸ்பேனரோடு வந்தது. மரையுள்ள கழுத்து உள்ளேயே தங்கிவிட்டது. அந்தக் கழுத்தின் சுவர் எவ்வளவு மெல்லியது என்பதை அது உடைந்த பிறகுதான் உற்றுப் பார்த்தேன்.

நான் இருப்பது கோயம்புத்தூர். உடைந்த இரும்பு எதற்கும் இந்த ஊரில் ஒரு மருத்துவர் இருப்பார். கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் அறுபதைக் கடந்த ஒருவர் அதை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெறுங்கண்ணுக்கு மிக அருகே வைத்துப் பார்த்தார். ஒரு பழைய சிறு அரத்தின் நுனியைச் சாணையில் தீட்டி நாலு பட்டையாகக் கூர்மையாக்கினார். அதை உடைந்த கழுத்துக்குள் லேசாக நுழைத்து இடப்பக்கமாகத் திருப்பினார். பல் பிடுங்கியதுபோல வந்துவிட்டது. அதைக் கையில் கொடுக்காமல், கழுத்து உட்கார்ந்திருந்த துளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங் தம்பி, இதுக்குள்ள பச்சையா என்னமோ இருக்குதுங்களே?”

குச்சியில் பஞ்சு சுற்றித் தின்னரில் நனைத்துத் துடைத்தார். பஞ்சில் பச்சை. பழைய பச்சை, பேந்தருக்கு அடித்ததும் இல்லை, அதற்கு முந்தைய மாடலுடையது. நாசிலின் தோள் சப்பென்று உட்கார வேண்டிய வட்டத்தில் ஓர் ஓரமாகக் காய்ந்து படிந்திருந்தது.

“இது நடுவுல குந்திக்கிட்டிருந்தா அது எப்புடிங் உக்காரும்? சுத்தமா இருந்தா ரெண்டு வெரல்ல உக்காந்துக்கும். ஒலக்கை எதுக்கு?”

பணம் எவ்வளவு என்று கேட்டேன். டீ சொல்லுங்க போதும் என்றார். பிறகு, நான் கேட்காமலே, மரைக்குள் விரல் நகத்தை ஓட்டிக்கொண்டு ஒன்று சொன்னார். இறுகி இருப்பது வேறு, இறுக்குவது வேறு. இரண்டு பரப்பும் ஒன்றையொன்று முழுசாகத் தொட்டுவிட்டால் அதுவே இறுகி இருப்பதுதான். அதற்குமேல் திருப்புகிற ஒவ்வொரு சுற்றும் மரையின் கழுத்தை இழுக்கிறதே தவிர, கசிவை நிறுத்துவதில்லை. நாற்பது வருடம் இரும்போடு பேசியவர் அதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. பித்தளை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொன்னார். நானும் அன்றைக்குப் பித்தளையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டேன்.

அதனால்தான் இன்னும் இரண்டு செத்தன.

இரண்டாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தம்தான் முக்கியம் என்று லேத்துக்கார அண்ணன் சொல்லிவிட்டாரல்லவா, அந்த வேகத்தில் முழுக் கருவியையும் லாக்கர் தின்னரில் ஓர் இரவு ஊறவைத்தேன். காலையில் பித்தளையும் குரோமும் பளபளவென்று இருந்தன. உள்ளேயிருந்த ரப்பர் ஓ-ரிங்குகள் எல்லாம் ஊறிய சுண்டல்போல உப்பியிருந்தன. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமும் அப்படித்தான். பெயிண்ட்டை நன்றாகக் கரைக்கும், நாளடைவில் பித்தளையையும் அரிக்கும்.

மூன்றாவது வேதனையானது. ஊசியைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகும்போது, அது கடைசியில் நாசிலின் வாயைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய தடை தெரியும். அங்கே நிற்க வேண்டும். நான் நின்றேன். பிறகு, சரியாக உட்கார்ந்ததா என்ற சந்தேகத்தில், பின்னாலிருந்து ஒரு தட்டுத் தட்டினேன். ஒரே தட்டு. ஊசி ஆப்பாக இறங்கி, நாசிலின் வாயை முடியளவு பிளந்துவிட்டது. முடியளவு என்பதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை, பூதக்கண்ணாடியில்தான் தெரிந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கருவி நேராக ஒரு கோடு போட்டதில்லை. எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே தெளிக்கும். வாதம் வந்தவர் சிரிப்பதுபோல.

அந்த இரவில்தான் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கவனக்குறைவால் கெட்டது என்று ஒன்றையும் காட்ட முடியவில்லை. கீழே போட்டு உடைக்கவில்லை. கழுவாமல் வாரக்கணக்கில் விட்டு வைக்கவில்லை. குழந்தைகள் எடுத்து விளையாடவில்லை. மூன்றும் என் அக்கறையால் செத்தன. நாளைக்குக் கசியக்கூடாது என்ற அக்கறை, ஒரு துளிகூட ஒட்டியிருக்கக்கூடாது என்ற அக்கறை, சரியாக உட்கார வேண்டும் என்ற அக்கறை. அக்கறை என்று சொல்லிக்கொண்டேன். உற்றுப் பார்த்தால் அது பயம். ஸ்பேனரைப் பிடித்திருந்த கை கருவியை நம்பவில்லை. தொட்டுவிட்டதை, உட்கார்ந்துவிட்டதை, போதுமென்று விரலுக்கு வந்த செய்தியை அது நம்பவில்லை. வெளியே தெளிக்கும்போது விரலுக்கு எந்தப் பதிலும் வராத கருவி இது என்று முன்பு சொன்னேன். பூட்டும்போது மட்டும் தெளிவாகப் பதில் சொல்கிறது. அந்த ஒரே இடத்தில்தான் நான் காதை மூடிக்கொண்டேன்.

லேத்துக்காரர் சொன்னதில் நான் அன்று எடுத்துக்கொண்டது பாதிதான்: அதிகம் இறுக்காதே. மற்றப் பாதி அதைவிட ஆழமானது என்று இப்போது படுகிறது. நான் ஏன் இறுக்கினேன்? நடுவில் ஏதோ காய்ந்து கிடந்தது. அது கிடக்கிறவரை எவ்வளவு இறுக்கினாலும் கசியும். கசியக் கசிய இறுக்கத் தோன்றும். இறுக்க வேண்டும்போலத் தோன்றுகிறதே, அந்த எண்ணமே நடுவில் பழையது எதுவோ காய்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். பரப்பு சுத்தமாக இருந்தால் பலத்துக்கு அங்கே வேலையில்லை. துடைக்க வேண்டிய இடத்தில் துடைக்காதவன்தான் பலத்தைப் பயன்படுத்துகிறான்.

என் மகள் வெளியூரில் படிக்கிறாள். இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு சரியில்லை. சண்டை எதுவும் இல்லை. நான் அழைத்தால் எடுப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். சாப்பிட்டாச்சு. தூங்கினேன். பரவாயில்லை. பதில் சுருங்கச் சுருங்க நான் அழைப்பதைக் கூட்டினேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றிருந்தது மதியமும் ஆயிற்று. அவள் அம்மா ஒருநாள், “விடுங்களேன், அவளுக்கு மூச்சு முட்டும்” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அப்பன் மகளிடம் பேசுவதில் அளவு என்ன?

மூன்று ஏர்பிரஷ்ஷும் வரிசையாகக் கிடந்த அந்த மேசையில்தான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவள் ஒரு படிப்பைச் சொன்னாள். நான் வேறொன்றைச் சொன்னேன். விண்ணப்பத்தின் கடைசி நாள் இரவு நான் சொன்ன ஒரு வாக்கியம் இருக்கிறது. இங்கே எழுத மாட்டேன். அவள் அழவில்லை, எழுந்து உள்ளே போனாள். நான் சொன்ன படிப்பில்தான் சேர்ந்தாள். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அந்த இரவைப் பற்றிப் பேசியதில்லை. அது முடிந்துபோன சங்கதி, முந்தைய மாடலின் பச்சை என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாளைக்கு மூன்று அழைப்பு என்பது ஒரு கால் சுற்று, இன்னுமொரு கால் சுற்று. கழுத்து எவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன மாதம் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வாட்ஸ்அப்பில் இல்லை, தாளில். நான்கு வரிதான். அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, அதைச் சொன்னது நான்தான், சொன்னது தப்பு என்று எழுதினேன். ‘ஆனால்’ என்ற சொல் மூன்று முறை பேனா நுனிவரை வந்தது. துடைத்துவிட்டேன். கடிதம் கிடைத்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அழைப்பது குறைந்திருக்கிறது. சில நாள் அவளே அழைக்கிறாள், சில நாள் இல்லை. இதற்குமேல் என்ன ஆனது என்று எழுத எனக்கு ஒன்றுமில்லை.

இப்போது என்னிடமிருப்பது நான்காவது. ஆடி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊருக்குள் தூசியோடு புகுந்துவிட்டதால் சன்னலைச் சாத்திக்கொண்டு, முகமூடி மாட்டிக்கொண்டு, எக்ஸாஸ்ட் விசிறிக்கு முன்னால் அடிக்கிறேன். ஈரக்காற்று என்பதால் கம்ப்ரஸர் குழாயில் நீர்ப்பொறியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் பெயிண்ட்டுக்கு நடுவே தண்ணீர்ப் பொட்டு தெறிக்கும். இன்றைக்கு அடித்தது ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் பக்கவாட்டுப் புள்ளிகள். சாம்பல்மேல் சாம்பல், ஒவ்வொன்றும் மிளகளவு, ஓரம் புகைபோலக் கரைய வேண்டும். அடித்த நேரம் இருபது நிமிடம் இருக்கும்.

பிறகு மிச்சப் பெயிண்ட்டைக் கொட்டினேன். கப்பைத் துடைத்தேன். தண்ணீர் ஊற்றி, முன்வாயை விரலால் துணி வைத்து மூடி, டிரிகரை மெல்ல இழுத்தேன். காற்று திரும்பி வந்து கப்பில் கொப்புளித்தது. இந்தக் குமிழி நானே வரவழைப்பது. உள்ளே ஒட்டியதைக் கிளப்பி மேலே கொண்டுவரும். முதல் தண்ணீர் சாம்பல். இரண்டாவது, துணி துவைத்த தண்ணீர்போல. மூன்றாவது தெளிவு. ஊசியைப் பின்னால் உருவி, நுனியை விரல் பக்கம் பார்க்க வைக்காமல், பின்பக்கமிருந்து நுனிப்பக்கமாக ஒரே வழிப்பு வழித்துத் துடைத்தேன். அதன் பிறகே நாசில். ஊசி உள்ளே இருக்கும்போது நாசிலைத் தொடக்கூடாது. குச்சியில் பஞ்சு சுற்றி, தோள் உட்காரும் வட்டத்தை ஒரு சுற்று துடைத்து, பஞ்சை விளக்கில் காட்டினேன். ஒரு மயிரிழை சாம்பல் இருந்தது. இன்னொரு பஞ்சு. வெள்ளை.

நாசிலை இரண்டு விரலால் திருப்பினேன். மரை ஏறியது, ஏறியது, நின்றது. ஸ்பேனர் மேசையில் கை எட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

ஊசியைச் செருகி, தடை தெரிந்த இடத்தில் விட்டேன். கப்பில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு. டிரிகரை அழுத்தினேன். சீறல் ஒரே சுருதியில் வந்தது. கப்பைக் குனிந்து பார்த்தேன். தண்ணீரில் மேசை விளக்கு அசையாமல் இருந்தது.